நாற்பதடி இடைவெளி

எங்கள் முதலாளி ஐந்து லாரிகளுக்கும் ஒரு மெஷினை மாட்டினார். முதல் வண்டியை நான் ஓட்ட, பின்னால் நான்கும் ஆளில்லாமலே நாற்பதடி இடைவெளி விட்டு வரும். நான் பிரேக் பிடித்தால் அவையும் பிடிக்கும். பத்தே நாளில், நான் கொட்டாவி விட்டால் அவற்றின் பானெட்டும் லேசாகத் திறந்து மூடத் தொடங்கியது. பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது?

ஒருநாள் உச்சிவெயிலில் சாலையில் வேப்பங்கொப்பு கிடந்தது. பழுதான லாரிக்குப் பின்னால் போட்டுவைக்கிற கொப்பு. அதைப் பார்த்தும் நிற்காத டிரைவர் எங்கள் பக்கம் கிடையாது. துண்டை ஆட்டிக்கொண்டு நின்றவன் செங்கோட்டுவேல், இருபது வருஷக் கூட்டாளி. டயர் வெடித்திருந்தது, ஜாக்கி இல்லை. நின்றால் ஐந்து லோடும் தாமதமாகும். காணாதவன்போல முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வந்த நான்கும் அவனை நெருங்கியதும் ஒவ்வொன்றாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போயின.

அரை மைல் தள்ளி நிறுத்தி, ஜாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"ஒரு வண்டி நிக்காம போனா அவசரம்னு நெனப்பேன் மாப்ளே. அஞ்சுக்குமா அவசரம்?"

"அது மெஷின்யா. முன்வண்டி செய்யறதத்தான் பின்வண்டி செய்யும்."

"சரி. முன்வண்டியில எந்த மெஷின் இருந்துச்சு?"

ஜாக்கியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அதைக் கீழே வைக்கவும் எனக்குக் கை வரவில்லை.