மூன்றாவது உள்ளேன் ஐயா

குற்றாலத்து அருவிக்கரையில் இசக்கிச்செல்வி மாட்டிய வெள்ள எச்சரிக்கைப் பெட்டியின் சிப்பில் இரண்டே கோர்கள், இரண்டு குட்டி மூளைகள். சின்னது தண்ணீரை அளக்கும், பெரியது சங்கு ஊதும். இரண்டும் உயிரோடிருக்கின்றனவா என்றறிய, நிமிடத்துக்கொரு முறை அவள் கைப்பேசிக்கு ஆளுக்கொரு "உள்ளேன் ஐயா" அனுப்பும்படி எழுதியிருந்தாள்.

அன்று மூன்று வந்தன.

"மூணாவது யாரு?" என்று சிரித்தார் கூட வேலைபார்க்கும் கோமதிசங்கர்.

"சீசனுக்கு வந்த விருந்தாளியா இருக்கும், அண்ணாச்சி." கொஞ்சம் அணைத்து வைத்தால் சரியாகுமென்று பெட்டியின் பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

பாதி டீயில் சங்கு அலறியது. குளித்தவர்கள் விழுந்தடித்துக் கரையேறியதும் செந்நிற வெள்ளம் இறங்கியது.

"உம் பொட்டி கெட்டிதாம்மா!" என்று ஈரத்தோடு கைதட்டினார்கள்.

பையைத் திறந்தாள். பேட்டரி உள்ளேதான் இருந்தது. கைப்பேசியில் புதிதாக ஒரே ஒரு "உள்ளேன் ஐயா".

"சரி, உக்காரு," என்றாள்.