வாயை மூடாத வீட்டுக்காரர்

"ஏலே சுருளியாண்டி! செவ்வாழைத் தாரை எதுக்குலே வெயில்ல போட்ட? ஏலத்தை ஆரம்பி... ம், ஏறட்டும், ஏறட்டும்!"

நதியா மட்டையை ஓங்கிய நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் பாண்டியராஜன் இப்படிக் கத்தினார். கை காதோடு ஒட்டியிருந்தது.

குருவி கத்தினாலே முறைக்கிற ஆட்டம் கோல்ஃப். அந்த மலை எஸ்டேட் கிளப்பில் புல்வெளியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேட்டா, மிண்டாதிரிக்கணம்!" கிளப்பின் மலையாளிச் செயலாளர் உதட்டில் விரலை வைத்தார்.

நதியாவுக்கு மானமே போயிற்று. கட்டின புருஷனாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பந்து எங்கே போனது என்றுகூடப் பார்க்கவில்லை. கைதட்டல் கேட்டு நிமிர்ந்தால், அது கொடிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

கம்பத்தில் வாழை மண்டி நடத்துகிறவள் நதியா. ஏலக் கூச்சலில் கூரை பிய்ந்துகொண்டு போகும்போதும் தாரின் எடையைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள். ஆனால் இந்தக் கிளப்பின் கோல்ஃப் கோப்பை மட்டும் தண்ணி காட்டியது. இரண்டு வருஷமாக இறுதி ஆட்டம் வரைக்கும் வந்து, கடைசியில் கை நடுங்கிக் கோட்டை விட்டாள். "இந்தத் தடவையும் தோத்தா மட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இன்று ஜீப் ஏறினாள்.

இன்றைய இறுதி ஆட்டத்தில் எதிர்த்து ஆடியவர் அல்லிநகரம் பல் டாக்டர் ஹேமாவதி. அடுத்த குழிக்கு நடக்கும்போது அவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீக நதியா. நான் அடிக்கும்போது ஒங்க வீட்டுக்காரக மூச்சு விடல. நீங்க அடிக்கும்போது மட்டுந்தான் கத்துறாக. கவனிச்சீகளா?"

"கவனிச்சேன்."

"பொண்டாட்டி கோப்பை வாங்கினா பொறுக்காதோ?"

சுருக்கென்றது. நதியா விறுவிறுவென்று புருஷனிடம் போனாள்.

"ஒரு நாளைக்கு மண்டியைச் சுருளியாண்டி பாத்துக்கிட மாட்டானா? பேசாம அங்கன போயி உக்காருங்க!"

"சரி புள்ள, சரி." அவர் தலையைக் குனிந்தபடி மரத்தடிக்குப் போனார்.

அப்பாடா, அமைதி.

அந்த அமைதியில்தான் வினை பிடித்தது. தன் மூச்சு தனக்கே கேட்டது. உள்ளங்கை வேர்த்தது. சின்னப் பிள்ளைகூடத் தட்டிவிடும் பந்தைக் குழியைத் தாண்டி ஓடவிட்டாள். அடுத்த குழியிலும் அதே கூத்து. முன்னணியில் இருந்தவள் இப்போது ஹேமாவதியோடு சமமாக நின்றாள்.

கடைசிக் குழி. ஹேமாவதியின் பந்து விளிம்பில் வந்து நின்றுவிட்டது. இதை நதியா ஒரே தட்டில் போட்டுவிட்டால் கோப்பை அவளுக்கு.

மூன்று முழத் தூரம்தான். குனிந்தாள். மட்டையின் நுனி ஆடுவது சுற்றி நின்றவர்களுக்கே தெரிந்தது. போச்சு, போன வருஷம் மாதிரியே...

"நாழிப்பூவன் தாரு யாருக்கு? கேளுங்கப்பா, கேளுங்க! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மரத்தடியிலிருந்து! பாவி மனுஷன்!

"மூணு தரம்!"

தட்டினாள். பந்து நேராக உருண்டு, டொக்கென்று குழிக்குள் விழுந்தது.

கூட்டம் ஹோவென்று கத்தியது. செயலாளரே துள்ளிக் குதித்தார். ஹேமாவதி ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"அந்த மனுசரையும் மீறி ஜெயிச்சிட்டீகளே நதியா!"

சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். கோப்பையும் கையுமாக நதியா மரத்தடிக்குப் போனாள். இன்று ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் போனாள்.

"குடுங்க அந்தப் போனை! இங்கனயே ஒடச்சுப் போடுறேன்!"

அவர் கையைப் பின்னால் மறைத்தார். அதற்குள் ஜீப் ஓட்டி வந்த பாண்டீஸ்வரன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணே, இந்தாங்க ஒங்க போனு. வந்ததும் ஜீப்புலயே சார்ஜ்ல போட்டுட்டுப் போயிட்டீக. சுருளியாண்டி கூப்புட்டுக்கிட்டே இருக்கான்."

நதியா புருஷனின் கையை இழுத்துப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் அவர் காதில் வைத்துக் கத்தியது கறுப்பு மூக்குக்கண்ணாடிக் கூடு.

"அப்ப யாருகிட்டதான் பேசுனீக?"

பாண்டியராஜன் தலையைச் சொறிந்தார்.

"ஒங்கிட்டதான் புள்ள. ஏலச் சத்தம் கேக்காட்டி ஒனக்குக் கை நிக்காதுல்ல?"