அவுட்பாக்ஸில் நின்ற கடிதங்கள்

தொண்ணூற்றொன்பதில், பெரியநாயக்கன்பாளையத்துப் பம்புப் பட்டறையில் இன்டர்நெட் கம்பெனியை மாற்றியதிலிருந்து, அங்கே கணக்கு எழுதும் கீதாவின் மெயில் ஒன்றும் வெளியே போகவில்லை. எல்லாம் அவுட்பாக்ஸிலேயே நின்றன. ஆனால் மஸ்கட்டிலிருந்து கணவன் கிருபாசங்கரின் பதில்கள் மட்டும் தவறாமல் வந்தன.

"நீ எழுதுனதைப் படிச்சுப் படிச்சுச் சிரிச்சேன், கண்ணு."

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் கண்ணு என்றதேயில்லை. எவளோ தன் பெயரில், தன்னைவிட நன்றாக எழுதுகிறாள் என்று கீதாவுக்கு வயிறெரிந்தது.

கம்ப்யூட்டர்காரர் சென்னியப்பன் வந்து பார்த்தார். "வேறொன்னுமில்லீங்க அம்மணி. வெளிய அனுப்பற சர்வர் பேரு இன்னும் பழைய கம்பெனியோடதுங்க. மாத்திப்போட்டேன், இனிப் போகுமுங்க."

அவுட்பாக்ஸில் நின்றவற்றையெல்லாம் கீதா அழித்துவிட்டு, "யாருங்க அந்தப் பொம்பளை?" என்று கணவனுக்கு எழுதினாள். உடனே போனது. பதிலும் உடனே வந்தது.

"கீதா பேருல எழுதறது யாருங்க? கீதா காலைலயே இங்க வந்து சேந்துட்டா. எனக்குச் சோறு போட்டுட்டு இருக்கறா."