நாலாவது பக்கம்

வெள்ளைக்காரன் கட்டிய மணிக்கூண்டில் மூன்று பக்கம்தான் கடிகாரம். கூலிக்காரர் குடியிருப்பைப் பார்த்த நாலாவது பக்கம் வெறும் சுவர்.

“துரை போயாச்சு. இனி எனக்கும் முள் வைப்பாங்க” என்று அந்தச் சுவர், உச்சியில் அடையும் புறாவிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மணிக்கூண்டின் நூற்றாண்டு விழாவுக்குச் சாரம் கட்டினார்கள். சுவரில் பெயின்டால் ஒரு கடிகாரம் வரைந்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

“இப்ப நான் என்ன மணி காட்டுறேன்?” என்று கேட்டது சுவர்.

ஈரம் காயாத முட்கள் பத்து மணியில் நின்றன. புறா ஓடுகிற கடிகாரம் இருக்கும் பக்கம் பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, “அஞ்சரை” என்றது.

கீழே, மில்லுக்குப் போகும் பெண்கள் மணி பார்க்க எப்போதும்போல் கூண்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“இன்னும் ஏன் சுத்திப் போறாங்க?” என்றது சுவர்.

“பழகிப்போச்சு” என்றது புறா.