எங்கட ஆள்

"மாத்தயா, கம்பனிக்கு ஒருக்கா கோல் எடுத்துப் பாருங்கோ. 'எங்கட ஆள்தான்' எண்டு அவையே சொல்லுவினம்!"

யாழ்ப்பாண வாசம் வீசும் சிங்களத்தில் கெஞ்சினார் ஸ்ரீஸ்கந்தராசா. வத்தளைச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் மனேஜர் அவர். கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில்தானே சுற்றிவளைப்பு? விடியற்காலையில் பால் வாங்க வாசலுக்கு வந்த மனுசனைச் சாரமும் பெனியனுமாக பொலிஸ் நிலையத்துக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடையாள அட்டையோ ஒப்பிஸ் மேசை லாச்சியில்.

வேலைத்தலம் 'எங்கட ஆள்' என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் வெளியே நிற்கும் பொலிஸ் வானில் ஏற்றி விசாரணைக்கு அனுப்புவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

நீள மர வாங்கில் பக்கத்தில் கிடந்தவன் தலையைத் தூக்கினான்.

"ஐயா, நீங்களுமா!"

காளியப்பன்! அவருடைய தொழிற்சாலையில் சாயம் கலக்குபவன். முந்தாநாள் கொட்டாஞ்சேனை லொட்ஜில் பிடிபட்டவன்.

சனியன், இவன் இன்னும் இங்கேயா! 'சாயத் தண்ணியை வாய்க்கால்ல விடுறாங்க, சனங்களோட கிணறெல்லாம் செவந்து போச்சு' என்று நகரசபைவரை போய் முறையிட்டவன் அல்லவா? ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"எனக்கும் போன் பண்ணிக் கேட்டாங்கய்யா. அப்படி ஒரு ஆளே இல்லைன்னுட்டாங்களாம். கல்யாணத்துக்கு முந்தியிருந்து அங்கதானே வேலை செய்றேன்? எங்கயோ தப்பு நடந்திருக்கு. நீங்க சொன்னா விட்டுருவாங்க. இன்னைக்கு என்னைய வான்ல ஏத்தப் போறாங்கய்யா."

"ம்... முதல்ல நான் வெளியில போறன். பிறகு பாப்பம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் டெலிபோன் இலக்கங்களைச் சுழற்றியபடி கேட்டார்:

"என்ன வேலை எண்டாய்?"

"மனேஜர், மாத்தயா."

இன்ஸ்பெக்டர் சாரத்தை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"உண்மையா மாத்தயா! போன மாசம் எங்கட கம்பனிக்குத் தொழிலாளர் நலக் கேடயம் கிடைச்சது. நான்தான் மேடையில ஏறி வாங்கினனான். வேலை செய்யிற ஆக்களை நாங்கள் ஒருநாளும் கைவிட மாட்டம்!"

காளியப்பன் குனிந்து, சாயம் போகாத தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ரிசீவரில் அவர் பெயரைச் சொன்னார், பதிலைக் கேட்டார். சிரிப்பு மறைந்தது.

"அப்படி ஒருத்தரும் அங்கே இல்லையாம்."

வெளியே வான் உறுமத் தொடங்கியிருந்தது.

"ஐயோ, பொய்! முதலாளியும் சிங்கப்பூரில நிக்கிறார். மாத்தயா, உங்கட காலைப் பிடிக்கிறன், நான் ஒருக்கா கதைக்கிறன்!"

என்ன நினைத்தாரோ, இன்ஸ்பெக்டர் ரிசீவரை நீட்டினார்.

"பிறிஜெற்! பிள்ளை, நான் ஸ்ரீஸ்கந்தராசா! என்னைத் தெரியேல்லையே?" அழுகையும் பயமுமாகக் குரல் கரகரத்தது. அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம்.

டெலிபோன் ஒப்பரேட்டர் பிறிஜெற் மிகப் பணிவாகச் சொன்னாள்:

"மன்னிக்கணும் ஐயா. பொலிசிலிருந்து யாரைப் பத்திக் கேட்டாலும், யார் அழுது கதைச்சாலும், அப்படி ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லச் சொல்லி, காளியப்பன் பிடிபட்ட அண்டைக்கே எங்கட மனேஜர் சேர் ஓடர் போட்டிருக்கிறார். அவர் இன்னும் வேலைக்கு வரயில்ல. வந்தவுடன கேட்டுச் சொல்லட்டா?"