எலிகளுக்குப் பலித்தது

தங்கை உள்ளே வந்ததும் என் கணவர் எழுந்துகொண்டார்.

"டீ குடிச்சிட்டு வரேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

போன வருடம் எனக்குச் சிறுநீரகம் தருவதாகச் சொல்லி, பரிசோதனைகளுக்கெல்லாம் போய்விட்டு, கடைசியில் பொருந்தவில்லை என்று வந்து நின்றவள் அவள். பயந்து ஜகா வாங்கிவிட்டாள் என்பது இவர் கட்சி. "கூடப் பிறந்தவளுக்கே பொருந்தலையாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்காட்டுவார். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

எனக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் இரண்டு ஊசிகள். ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது. கையை அசைக்கக் கூடாது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆய்வகத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, எலிங்களுக்குப் பலிச்சிடுச்சு."

பல வருடங்களாக அவளுக்கு இதுதான் வேலை. சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஒரு புரதத்தைச் சுரக்குமாம். நோய் வந்தால் முதலில் வற்றுவது அதுதானாம். அப்புறம், தழும்பாக மாறு, தழும்பாக மாறு என்று செல்களுக்கு ஒரு சேதி போய்க்கொண்டே இருக்குமாம். புரதத்தை வெளியிலிருந்து செலுத்தினால் அந்தச் சேதியை நடுவழியில் மடக்கிவிடும். செலுத்திய எலிகளில் தழும்பு பரவவே இல்லை.

பக்கத்துப் படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அடுத்த பிறவியில எலியாத்தான் பொறக்கணும் போல."

மூன்று பேரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எதைச் சொல்லத் தயங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். என்னுடையவை இரண்டும் முழுக்கத் தழும்பாகிவிட்டன. காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அதை அவள் வாயால் சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மனுஷங்களுக்கு எப்போ வரும்?"

"எல்லாம் சரியா நடந்தா, பத்து வருஷம்."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமைகள் தடித்திருந்தன. மை தீட்டி மறைக்கப் பார்த்திருந்தாள். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தூக்கம் போதவில்லை என்று கண்ணாடி முன் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதுவரைக்கும் உன்னோடது தாங்குமாடி?"

நிமிர்ந்தாள். மறுக்க வாயெடுத்தவள், அப்படியே மூடிக்கொண்டாள்.

தானம் கொடுக்கப் போன இடத்தில்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு இவ்வளவு நாள் கல்லு மாதிரி இருந்திருக்கிறாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? உன்கிட்டயிருந்து பிடுங்கியா எடுத்துக்கப் போறேன்?"

"சொன்னா, இது நம்ம குடும்பத்துலயே ஓடுதுன்னு உனக்குப் புரிஞ்சிடும்க்கா."

"புரிஞ்சா என்ன இப்போ?"

அவள் போர்வைக்கு மேலாக என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"லீவுக்கு என் வீட்டுக்கு வந்தப்ப, பாப்பாவுக்கும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்."

அதற்குமேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை. என் மகளுக்குப் பதினொரு வயது.

எழுந்திருக்கப் பார்த்தேன். ஊசி சுருக்கென்று இழுத்தது. டிரைவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"பத்து வருஷமா சொன்ன?"

"ஆமாக்கா."

"அப்புறம் இங்க என்னடி உட்கார்ந்திருக்க? போ. லேபுக்குப் போ."