இருபத்தெட்டு நாள் பொறுமை

பெரியப்பா இரண்டு நாள் தங்கப்போகிறார் என்று தெரிந்ததும் செந்தில்நாதன் ஃப்ரீசரிலிருந்து பொறுமை தரும் ஊசிமருந்துக் குப்பியை எடுத்தான். தூளாக இருக்கும்வரை அது இரண்டு வருடம் கெடாது. தண்ணீர் கலந்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இருபத்தெட்டு நாள்தான்.

"ரெண்டு நாளைக்கு முழுக் குப்பியா?" என்றாள் அவன் மனைவி எழிலரசி.

"போன தடவை அவர் உப்பு கூடன்னு சொன்னதுக்கே கரண்டியை வீசினே."

அவள் கையை நீட்டினாள். தூளைக் கலந்து சீட்டில் தேதி எழுதி, ஆளுக்கொரு ஊசி போட்டுக்கொண்டார்கள். அன்று வந்து சேர்ந்த பெரியப்பா முருங்கைக்காய் நறுக்கும் முறை பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எழிலரசி புன்னகையோடு கேட்டாள்.

மறுநாள் தயிர் எடுக்க அவரே ஃப்ரிட்ஜைத் திறந்தார். முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர், எந்தக் குப்பியைக் கண்டாலும் சீட்டைப் படிக்காமல் விடமாட்டார்.

"இதைக் கதவுல வைக்கலாமாம்மா? திறந்து மூடித் திறந்து மூடி சூடு ஏறிடும்."

குப்பியை உள்தட்டுக்கு மாற்றப் போனவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருந்தின் பெயரையும் கலந்த தேதியையும் படித்தார். ஊசி போட்டிருந்தும் எழிலரசிக்கு வியர்த்தது.

"நான் வந்த அன்னைக்குத்தான் கலந்திருக்கீங்க."

பெரியப்பா கைப்பேசியில் பெரியம்மாவை அழைத்தார்.

"நாளைக்குப் போட்ட டிக்கெட்டை கேன்சல் பண்ணிடு. புள்ளைங்க எனக்காக விலை ஒசந்த மருந்தைக் கலந்து வெச்சிருக்காங்க. இன்னும் இருபத்தாறு நாள் தாங்கும். வீணாக்க மனசு வரல."